கதவுக்கு அந்தப் பக்கம் பாடியவள்

"அம்மா பாடுன டேப் எனக்கு வேணும். வரப்போற ஆல்பம் அட்டையில அவங்க பேரும் இருக்கணும்."

கேட்டைத் திறந்த கையோடு இதைத்தான் சொன்னேன், வணக்கம்கூடச் சொல்லவில்லை. யாரிடம் எதை வேண்டுமானாலும் கேள், எட்வர்டிடம் இதை மட்டும் கேட்காதே என்பது அம்மா எனக்குப் போட்ட கட்டளை. வாயால் போட்டதல்ல. மழைக்காலத்துக்கு முன்னால் அவளுக்குத் தொண்டைப் புற்றுக்கு ஆபரேஷன் செய்து குரல்வளையை எடுத்துவிட்டார்கள். கழுத்தில் ஒரு துளை, அதன் வழியாகத்தான் மூச்சு. பேச்செல்லாம் போனில் தட்டித்தான். ஒரே அறையில் இருந்துகொண்டு எனக்கு வாட்ஸப் அனுப்புவாள். ‘சோறு போதும்.’ ‘ஃபேன கொற.’ ‘எட்வர்டு ஊட்டுக்குப் போவாத. எங்கனா பாத்தாகூட கேக்காத.’

எட்வர்ட் கைலியும் கறுப்பு டீ-ஷர்ட்டுமாக நின்றார். டீ-ஷர்ட்டில் ‘பி ஷிஃப்ட்’ என்ற எழுத்துக்குக் கீழே ஒரு சிம்னி புகை கக்கிக்கொண்டிருந்தது. தலைக்கு அடித்த சாயம் காதோரத்தில் கொஞ்சம் வழிந்திருந்தது.

"யாரும்மா நீ? வந்ததும் ஆர்டர் போடுற. எலெக்ஷன் டூட்டியா?"

"ஹெலன் பொண்ணு. ஏஞ்சலின்."

அவர் முகத்திலிருந்த விளையாட்டு இறங்கிப்போனது. "உன்ன கைக்குழந்தையா பாத்தது," என்றார். "உள்ள வா கண்ணு. செருப்போட வந்தாலும் பரவால்ல, ஊடே பேஜாராத்தான் கீது."

கழற்றிவிட்டுத்தான் போனேன். கும்மிடிப்பூண்டியிலிருந்து சென்ட்ரல் போய், ரயில் மாறிக் கடம்பத்தூரில் இறங்கி விசாரித்து வந்திருக்கிறேன். சண்டை போடத்தான் வந்தேன், அதற்காக மரியாதை தெரியாதவள் இல்லை. நான் பி.எஸ்சி., எங்கள் வீட்டில் முதல் டிகிரி. படித்தால் நாலு பேர் முன்னால் வாய் வரும் என்று சொல்லி அப்பா படிக்க வைத்தார். வந்தது. வந்த வாய் அவருக்கே பிடிக்காமல் போனது வேறு விஷயம்.

பி ஷிஃப்டைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். எங்கள் ஆட்கள் அதுவரை அடுத்தவர் வயலில் நாற்று நட்டவர்கள். சிப்காட் தொழிற்பேட்டை வந்ததும் இரும்பு உருக்கப் போனார்கள். அப்படிப் போன எட்வர்டும் இன்னும் மூன்று பையன்களும் சபையில் கற்றுக்கொண்ட கிடாரையும் டிரம்ஸையும் வைத்து ஆரம்பித்த ராக் பேண்ட் அது. மத்தியானம் இரண்டு மணி ஷிஃப்டுக்கு எல்லோரும் போவதால் காலையில் பிராக்டிஸ். மெட்ராஸில் மற்ற பேண்டுகள் இங்கிலீஷில் கத்திக்கொண்டிருந்தபோது இவர்கள் மெஷினைப் பற்றியும் மேஸ்திரியைப் பற்றியும் தமிழில் கத்தினார்கள். இன்னும் மேடை ஏறுகிறார்கள், முட்டிக்குத் தைலம் தேய்த்துக்கொண்டு. வெளிவந்தது இரண்டே ஆல்பம். வராதது நிறைய. அந்த வராத பாட்டுகளையெல்லாம் சேர்த்து, பழைய போட்டோக்களோடு பெட்டி போட்டு வெளியிடச் சென்னையில் ஒரு கம்பெனி கிளம்பியிருக்கிறது.

அதன் விளம்பரத்தை இன்ஸ்டாகிராமில்தான் பார்த்தேன். சாப்பிட்டுக்கொண்டே தள்ளிக்கொண்டிருந்தபோது ஒரு பெண் குரல் வெடித்தது. இரண்டு வரிதான். கீழே, ‘அபூர்வப் பதிவு. பாடியவர் யாரெனத் தெரியவில்லை.’ கட்டிலில் படுத்திருந்த அம்மா எழுந்து வந்து என் எச்சில் கையிலிருந்து போனைப் பிடுங்கி அணைத்தாள். பிறகு அவள் போனில் தட்டினாள்.

‘அது நாந்தான்.’

எனக்கு நினைவு தெரிந்து அம்மா பாடியதில்லை. சபையில்கூட உதடு அசையும், சத்தம் வராது. அவளுக்குப் பாட வராது என்று நானாக நினைத்துக்கொண்டிருந்தேன். இப்போது கேட்கலாமென்றால் கேட்பதற்குக் குரலே இல்லை. இனி ஆறு மாசம் என்றால் அதிகம் என்று டாக்டர் என்னிடம் தனியாகச் சொல்லியிருக்கிறார். அந்த இரண்டு வரியைத் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டேன், ஹெட்போன் மாட்டிக்கொண்டு, கழிவறையில் தண்ணீரைத் திறந்துவிட்டுவிட்டு. யாரெனத் தெரியவில்லையாம்.

எட்வர்டின் முன்னறையில் ஆம்ப்ளிஃபயர்கள் பிளாஸ்டிக் கவர் போட்டு நின்றன. ஒன்றின் மேல் துணி மடித்து வைத்திருந்தது. நான் உட்காரவில்லை.

"தெரியலன்னு போட்டுக்கீறீங்களே அங்கிள், உங்களுக்குமா தெரியாது?"

"கம்பெனிக்காரன் போட்டான்."

"அவன் கேட்டப்போ நீங்க சொல்லலியா?"

"சொல்ல வேணாம்னு."

"யாரு? நீங்களா முடிவு பண்ணீங்களா? டிரம்ஸ் எபினேசர்னு பெருசா போட்டுக்கீறீங்க. போட்டோவோட. ‘இன்று போதகர்’னு வேற. அவருக்கு ஒரு நியாயம், எங்கம்மாவுக்கு ஒரு நியாயமா?"

எபினேசர் எங்கள் சபையின் போதகர். ஒவ்வொரு கன்வென்ஷனிலும் அவருடைய சாட்சிதான் கடைசி அயிட்டம். டிரம்ஸ் பின்னால் பீர் பாட்டிலோடு உட்கார்ந்திருந்தவனைக் கர்த்தர் சட்டையைப் பிடித்து எப்படித் தூக்கினார் என்று சொல்வார். குச்சி பிடிப்பதுபோலக் கையை வைத்துக் காற்றில் இரண்டு தட்டுத் தட்டிக் காட்டுவார். சனம் அழும், கை தட்டும். பி ஷிஃப்டின் பெட்டி வரப்போவதைக்கூடப் போன ஞாயிறு அவரே அறிவித்தார். தேவன் என்னை எங்கிருந்து எடுத்தார் என்று உலகம் பார்க்கட்டும் என்றார். ஆமென் சொன்னோம்.

அம்மாவும் சாட்சி சொன்னவள்தான். கல்யாணத்துக்கு முன்னால், அப்பா வீட்டார் கேட்டதால், சபை முன்னால் நின்று உலகப் பாட்டுப் பாடினேன், விட்டுவிட்டேன் என்று சொல்லியிருக்கிறாள். இதை அவளே தட்டினாள். அவளுக்கு யாரும் கை தட்டவில்லையாம். அதன் பிறகு பாடகர் குழுவில் அவள் பக்கத்தில் நிற்க எந்தப் பெண்ணுக்கும் மனசில்லை. அப்போதுதான் உதட்டை மட்டும் அசைக்கப் பழகியிருக்கிறாள்.

"உக்காரு," என்றார் எட்வர்ட். "மொதல்ல முழுசா கேளு. அப்புறம் திட்டு."

"டேப் எங்க?"

"டேப்பு கம்பெனில. எல்லாத்தயும் எழுதிக் குடுத்துட்டேன். எம்மா வெச்சிருந்த கேசட்டு அது. ஒரு பக்கம் கன்வென்ஷன் பிரசங்கம், இன்னொரு பக்கம் காலியா கெடந்துது. புது கேசட்டுக்கு எங்க போறது? சபை டெக்குலயே போட்டு, சனிக்கெழம சபையிலயே பதிவு பண்ணோம். பிரசங்கம் கீதேன்னு எம்மா அத்த யாரையும் தொடவுடல. அதான் தப்பிச்சுது." போனை எடுத்தார். "இது அவன் அனுப்புன காப்பி. வெட்டறதுக்கு முன்னாடி."

போனை மேசை மேல் வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்தார். முதலில் இரைச்சல். நாற்காலி இழுபடும் சத்தம். தூரத்தில் லாரி ஒன்று ஹாரன் அடித்தது. பிறகு ஓர் ஆண் குரல். ஞாயிற்றுக்கிழமைதோறும் மைக்கில் கேட்கிற அதே குரல், ஆனால் இளசு.

"ஏய் ஹெலனு, ரெடியா?"

"நான் எப்பவோ ரெடி. நீ மொதல்ல குச்சிய ஒழுங்கா புடி. போன வாட்டி மாரி பறக்கவுட்டினா எட்வர்டு மண்ட காலி."

மூடிய எதற்கோ பின்னாலிருந்து வந்தது அந்தக் குரல். நாலைந்து ஆண்கள் சிரித்தார்கள்.

"கதவ தொறக்கட்டா? ஒன்னியும் கேக்கல."

"தொறந்து பாரு, எங்கண்ணன் உன் கால ஒடிப்பான். அப்புறம் கையால அடிச்சு காலால நொண்டு."

திரும்பவும் சிரிப்பு. நான் எட்வர்டைப் பார்த்தேன். அவரும் சிரித்துக்கொண்டிருந்தார், கண் கலங்கி.

"பாட்டுக்கு உங்க மாமா ஒத்துக்கினான். ஆம்பள பசங்களோட ஒரே ரூம்ல நிக்கக் கூடாதுன்னுட்டான். சண்டே கிளாஸ் நடக்குற சின்ன ரூம் கீதுல்ல, அதுக்குள்ள மைக்கோட அவள நிக்க வெச்சு கதவ சாத்திட்டோம். ஒயரு போறதுக்கு மட்டும் கீழ சந்து. எபி மூஞ்சி அவளுக்குத் தெரியாது. எப்ப ஆரம்பிக்கறதுன்னு எப்படித் தெரியும்? அதான் ஒவ்வொரு பாட்டுக்கும் பேரச் சொல்லிக் கூப்ட்டு எண்ணுவான்."

போனில் எபினேசர் கத்தினார். "ஹெலன். ஒன், டூ, த்ரீ, ஃபோர்."

என் அம்மா பாடினாள்.

*சங்கு ஊதுது, சங்கு ஊதுது,*
*எம் பொழுது எவன் ஊட்டு வெளக்கு?*

இனிமையான குரல் என்று பொய் சொல்ல மாட்டேன். ஓடுகிற மெஷினுக்கு அந்தப் பக்கம் நிற்பவளைக் கூப்பிடுகிற குரல் அது. கிடாரை மதிக்கவில்லை, டிரம்ஸை முந்திக்கொண்டு போனது. மேலே ஏறும் இடத்தில் உடைந்தது, உடைந்ததைப் பற்றி அதற்குக் கவலையும் இல்லை. இரண்டாம் சரணத்தில் ஒரு சொல் மறந்துபோய், அந்த இடத்தில் என்னவோ கெட்ட வார்த்தை மாதிரி ஒன்றைப் போட்டு நிரப்பினாள். என்னைப் பொறுக்கி மாதிரிப் பேசாதே என்று வாழ்நாள் முழுக்கக் கண்டித்தவள்.

பாட்டு முடிந்ததும், "கதவத் தொறங்கடா, வேர்த்து சாவுறேன்," என்றாள். அத்தோடு நின்றது.

மின்சார ரயில் ஒன்று ஸ்டேஷனில் நின்று போனது.

"இத்த கேட்டுட்டு யாரோன்னு போட எப்படி மனசு வந்துது உங்களுக்கு?"

"அவதாம்மா கேட்டா."

"யாரு?"

"ஒங்கம்மாதான். ஆபரேஷனுக்கு முன்னாடி போன் பண்ணா. அத்தன வருஷம் கழிச்சு. தொண்ட கரகரன்னு, பாதி வார்த்த காத்துதான் வருது. மொதல்ல யாருன்னே தெரியல. ‘எட்வர்டு, அந்தப் பாட்டு உங்கிட்ட கீதாம், எபி சொன்னான், எம் பேரு மட்டும் வாணாம்’னா. நான் சண்ட போட்டேன். நீ போடற மாரியேதான். அதுக்கு ஒரே வார்த்த சொன்னா. ‘என்னிய ஆசீர்வாதம் பக்கத்துல படுக்கவுடு’ன்னா."

ஆசீர்வாதம் என் அப்பா. இறந்து நாலு வருஷமாகிறது.

அதற்கு மேல் அவர் விளக்க வேண்டியிருக்கவில்லை. எங்கள் சபையின் கல்லறைத் தோட்டம் சின்னது. புதுக் குழிக்கு இடமில்லை. புருஷன் முன்னால் போயிருந்தால் அந்தக் குழியையே திறந்து பெண்சாதியை மேலே வைப்பார்கள். போதகர் சரி என்றால்தான் திறப்பார்கள். முத்தம்மாள் பெரியம்மாவுக்குச் சரி என்று சொல்லவில்லை. மருமகளோடு திருத்தணிக்குப் போய் முடி இறக்கினாள் என்று யாரோ போட்டுக்கொடுத்துவிட்டார்கள். சாட்சி சொல்லிவிட்டுத் திரும்பப் போனவள், பின்மாற்றக்காரி. பெரியப்பா உள்ளே கிடக்க, அவளை ஏரிக்கரையில் புதைத்தோம். அடுத்த மழைக்கு அந்த இடமே தெரியவில்லை. அன்று வீடு வந்து சேரும்வரை அம்மா என் கையை விடவில்லை.

"அம்மா விட்டுட்டாங்களே," என்றேன். "எப்பவோ பாடினது. இப்பவா பாடுறாங்க?"

"எல்லா கேசட்டயும் கொளுத்திட்டேன், ஒன்னுகூட பாக்கி இல்லன்னு சபை முன்னாடி சொல்லிக்கீறா. கொளுத்தவும் செஞ்சா, பாவம், எங்கிட்ட ஒன்னு கீதுன்னு அவளுக்குத் தெரியாது. இப்ப அவ பேரோட பாட்டு வந்தா, ஹெலன் சாட்சியே பொய்யின்னு ஆவும். அவ அப்படித்தான் பயப்படுறா."

"எபினேசர் அடிச்ச டிரம்ஸும் அதே கேசட்லதானே கீது?"

"கீது."

"அவர எங்க புதைப்பாங்க?"

எட்வர்ட் போனைக் கவிழ்த்து வைத்தார். சபை வாசலுக்குப் பக்கத்தில் போதகர்களுக்கென்று பளிங்குக்கல் பதித்த இடம் இருக்கிறது. அவருக்கும் தெரியும்.

நான் அவரிடம் கெஞ்சிப் பார்த்தேன். கெஞ்சுவது எனக்குப் பழக்கமில்லாததால் அதுவும் மிரட்டுவதுபோலத்தான் வந்தது. நீங்கள் போய் எபினேசரிடம் பேசுங்கள், உங்கள் கூட்டாளிதானே என்றேன். பேசினாராம். "ஹெலன் என் சகோதரி, அவளுக்காக ஜெபிக்கிறேன்," என்றாராம் எபினேசர். குழியைத் திறப்பாயா என்று நேராகக் கேட்டதற்கு, கமிட்டி இருக்கிறது, கர்த்தர் நடத்துவார் என்றாராம்.

"சரி, பேரு வேணாம்," என்றேன். அந்தச் சொல் என் வாயிலிருந்து வந்ததை என்னாலேயே நம்ப முடியவில்லை. "அட்டையில வேணாம். ஆனா பாட்டுக்கு முன்னாடி பேசறாங்களே, அத்த வெட்டாம வுடச் சொல்லுங்க. எபினேசரே கூப்புடறாரு இல்ல, ஹெலன்னு. அம்மா சொல்லல, நீங்க போடல. அவர் வாயில வந்தது."

எட்வர்ட் தலையை ஆட்டினார். "வெட்டிட்டாங்க கண்ணு. அது சத்தமாம். கிடார்லதான் ஸ்டார்ட் ஆவும். ரெக்கார்டு தட்டு அடிக்கக் குடுத்தாச்சு. நான் சொல்றது எதுவும் இனி அங்க எடுபடாது. என் பேண்டு, என் பாட்டு, எனக்கே ஒரு காப்பி வேணும்னா கேட்டு வாங்கணும்."

"இந்த போன்ல இருக்கறத எனக்கு அனுப்புங்க."

"யாருக்கும் தர மாட்டேன்னு கையெழுத்து போட்டுக்கீறேன்."

"அவங்க பொண்ணுக்குக் கூடவா?"

"யாருக்கும்தான்."

இவர் மேல் வந்த கோபத்தை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. நல்ல மனிதர். கம்பெனிக்காரனை எனக்குத் தெரியாது. அம்மாவை அடிக்கவா முடியும்? மாமா செத்துப்போய்விட்டார். எபினேசர் எனக்காகவும் ஜெபிப்பார். இத்தனை பேர் சேர்ந்து ஒரு கதவைச் சாத்தியிருக்கிறார்கள், ஒருவர் கையும் கைப்பிடியில் இல்லை.

என் போன் அதிர்ந்தது. அம்மா.

‘எங்க கீற.’

‘வேலையிலதான்,’ என்று பொய் தட்டினேன். ‘வர லேட்டாகும். கஞ்சி குடிச்சியா?’

‘ம்.’

எட்வர்ட் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு எழுந்து, கைலியை மடித்துக் கட்டினார். "டீ போட்டுக்கினு வரேன். ஆன்ட்டி கட்டடத்து வேல பாக்குற பசங்களுக்கு சமைக்கப் போய்க்கீறா, நான் போட்டா லேட்டாத்தான் ஆவும்." தன் போனைக் கையில் எடுத்தார், திரையைத் தேய்த்துத் திறந்தார், பாட்டு இருக்கிற பக்கத்தைக் கொண்டுவந்து திரும்ப மேசையிலேயே வைத்தார். "அது சும்மா சும்மா அணைஞ்சிடும். அப்பப்ப தொட்டுக்கினு இரு," என்று சொல்லிவிட்டு உள்ளே போனார். பாத்திரங்களை வேண்டுமென்றே உருட்டுகிற சத்தம் கேட்டது.

நான் அதை எடுத்தேன். என் எண்ணைத் தட்டி அனுப்பினேன். அவர் போனில் அனுப்பிய தடத்தை அழித்தேன். என் போனில் வந்து விழுந்ததும் ஒரு தரம் காதில் வைத்துப் பார்த்தேன். "ஏய் ஹெலனு, ரெடியா?"

இதை இன்றைக்கே சபை வாட்ஸப் குரூப்பில் தூக்கிப் போட்டால் என்ன என்று விரல் போனது. முன்னூறு பேர் இருக்கிற குரூப். கன்வென்ஷன் அழைப்பிதழுக்கும் காலை வசனத்துக்கும் நடுவில் அம்மா, தொறந்து பாரு, கால ஒடிப்பான் என்பாள். போடலாம். போட்டால் அம்மா ஏரிக்கரைக்குப் போவாள். அது எனக்குப் பரவாயில்லை, எனக்கு எல்லா மண்ணும் ஒன்றுதான். அவளுக்கு இல்லை. பேசுகிற குரலையும் கத்திக்குக் கொடுத்துவிட்டு, மிச்சமிருக்கிற ஒரே ஆசையாக அந்த ஆறடியைப் பிடித்துக்கொண்டிருக்கிறாள்.

எட்வர்ட் இரண்டு டம்ளரோடு வந்தார். போன் இருந்த இடத்திலேயே இருப்பதைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"இன்னா பண்ணப்போற?"

"அம்மாவ அப்பாகிட்ட படுக்க வெப்பேன். எபினேசரே வந்து, அவர் வாயாலயே ஜெபம் பண்ணி, அவர் கையாலயே மொத மண்ணு போடட்டும். மூடி முடிச்சு சிலுவ நட்டதுக்கு அப்புறம், அங்கயே நின்னு குரூப்ல போடுவேன். மூடுன குழிய யாரும் தோண்டி வெளில எடுக்க மாட்டாங்க."

"நைனா," என்றார் மெல்ல, யாரைக் கூப்பிட்டாரோ. டம்ளரை மேசையில் வைத்தார். "அதுவரிக்கும்?"

"வாய மூடிக்கினு இருப்பேன்."

"உன்னால முடியுமா?"

"ஞாயித்துக்கெழம சபைக்குப் போவேன். அவரு சாட்சி சொல்றப்போ எல்லாரோட சேர்ந்து உதட்ட அசைப்பேன். எங்கம்மா கத்துக்கினதுதானே."

அந்த நாள் வர வேண்டும் என்று நான் நினைத்தால், அவள் சாக வேண்டும் என்று நினைப்பதாகிறது. வரக் கூடாது என்று நினைத்தால் அவள் யாரோவாகவே இருப்பாள். இதை எட்வர்டிடம் சொல்லவில்லை. டீ நன்றாகத்தான் மணத்தது. குடித்தால் அழுதுவிடுவேன் என்று தோன்றியது.

"டீய குடிச்சிட்டுப் போ கண்ணு."

"ரயிலு வந்துடும் அங்கிள்."

வாசலில் செருப்பை மாட்டினேன். குரூப்பின் பெயரைத் தேடி, அதற்குக் கீழே அந்தப் பாட்டை வைத்து, அனுப்பாமல் அப்படியே விட்டுவிட்டுப் போனைப் பைக்குள் போட்டேன். கேட்டைச் சாத்தாமல் தெருவில் இறங்கி ஸ்டேஷன் பக்கம் நடந்தேன்.